ஒரு நிலையில் நில்லாத ஸ்ரியரிங்

புத்தளக் கரையோரத்தில் ஜீப் வண்டிக்குப் பகை இரண்டு. ஒன்று கற்பிட்டிப் பக்கத்து மணல். மற்றொன்று உப்புக் காற்று. 1938ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வில்பத்துவின் காட்டுத் தடத்தில், ஸ்ரியரிங் ஒருகால் இலேசாகவும் ஒருகால் கனமாகவும் திரும்புமாயின், அதனை அலட்சியம் செய்தல் ஆபத்தாகும். வளைவில் யானை எதிர்ப்படும் வேளையில் கை இறுகுதல் கூடாதன்றோ!

பவர் ஸ்ரியரிங் என்பது யாது? எஞ்சினால் சுழலும் பம்பி எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. அவ்வழுத்தம் சாரதியின் கைக்குத் துணையாகிறது. கை திருப்பும் திசைக்கேற்ப எண்ணெயைப் பிரித்து விடுவது ஒரு வால்வு.

குறையை எளியதிலிருந்து தேடுதல் வேண்டும். முதலில் முன் ரயர்களின் காற்றைச் சமமாக்குக. அடுத்து எண்ணெயின் அளவைப் பார்க்க; அது நுரைத்திருப்பின் உள்ளே காற்றுப் புகுந்துள்ளது எனக் கொள்க. பின்னர் பெல்ற்றை நோக்குக. அது தளர்ந்து வழுக்கினால் பம்பியின் துணை விட்டுவிட்டுக் கிடைக்கும்.

இவை செவ்வையாயின், கனக்கும் விதத்தைக் கவனிக்க. ஒரே திசையில் மட்டும் கனத்தால் ஐயம் வால்வின் மேலது. ஒரு சுற்றுக்கு இருமுறை இறுகினால், ஸ்ரியரிங் தண்டின் மூட்டு துருப்பிடித்திருத்தல் கூடும். எஞ்சினை நிறுத்தி, முன் சில்லுகளை உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் இருத்தித் திருப்புக. அப்பொழுதும் அவ்விறுக்கம் தோன்றினால் குறை எண்ணெயில் இல்லை என்பது தெளிவு.

இவ்வொழுங்கை அறியாதார் புதுப் பம்பி வாங்கிப் பணம் இழப்பர். துருவோ மூட்டிலேயே இருக்கும்.