பழைய தாருக்கு ‘டிஃப் லாக்’ போடலாமா?

வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மழையில் ஊறிய காலி மனைக்குள் பழைய மஹிந்திரா தார் சிக்கினால் என்ன ஆகும்? ஃபோர் வீல் போட்ட பிறகும் முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் என இரண்டு மட்டும் சேற்றில் சும்மா சுழலலாம். வண்டி நகராது.

காரணம், டிஃப்ரன்ஷியல். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவதுதான் இதன் வேலை. ஆனால், ஒரு சக்கரம் பிடிமானம் இழந்தால் அது மட்டுமே சுழலும்; தரையைப் பிடித்திருக்கும் சக்கரம் நின்றுவிடும்.

2010-ல் அறிமுகமான தாரில் இதற்குத் தீர்வு இல்லை. 2015-ல் மெருகேற்றி வந்த தாரில்தான், பின்பக்கத்துக்கு ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக் சேர்ந்தது. பின்சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றுகளை எட்டினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். சுவிட்ச் கிடையாது.

பழைய வண்டியில் இதைப் பொருத்த நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* முன், பின் கிரௌன்-பினியன் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால், ஃபோர் வீல் போடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும்.
* பற்களுக்கு இடையிலான இடைவெளியை அளந்து செட் செய்ய வேண்டும். தவறினால் ஊளைச் சத்தம், சீக்கிரத் தேய்மானம்.
* ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சேற்றுப் பக்கமே போகாத வண்டியா? அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்!