தடுப்பூசியும் மருத்துவர் சொல்லும்

கருப்பைவாய்ப் புற்றுநோய் எச்.பி.வி. என்னும் நுண்கிருமியால் விளைவதெனக் கண்டுணர்த்திய ஹரால்ட் சூர் ஹவுசன் 2008ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். பாலுறவால் பரவும் அக்கிருமி உடலிற் புகுமுன்னரே தடுப்பூசி இடல்வேண்டும். ஆதலின் 9 முதல் 14 வயதுச் சிறுமியர்க்கு அஃது உரியதாயிற்று. "இவ்விளம் பருவத்தில் எதற்கு?" என வினவுந் தாய்க்கு விடையிறுக்க வேண்டியவர் மருத்துவரும் தாதியருமே. அவருள்ளும் சிலர் நாணி வாளா இருப்பர்.

சொல்வார் வாய்மூடின் யாது நிகழும் என்பதற்கு ஜப்பான் நாடு சான்றாகும். ஆங்கு 2013 ஏப்ரலில் இவ்வூசி அரசின் முறையான திட்டத்துட் சேர்ந்தது. ஊசியிட்ட சிறுமியர் சிலர் நோவும் நடுக்கமும் உற்றனர் என்னுஞ் செய்தி பரவவே, ஜூன் மாதத்தில் அரசு முன்னின்று பரிந்துரைத்தலை நிறுத்திற்று. ஊசியை விலக்கிற்றில்லை; விலையும் விதித்திலது; சொல் ஒன்றே அடங்கிற்று. முன்னர் நூற்றுக்கு 70 பேரளவில் இட்டுக்கொண்டது போய், பின்னர் ஒருவரினுங் குறைந்தது. வியப்பு யாதெனின், மகளிர் மருத்துவருட் பலர் தம் புதல்வியர்க்கும் இடுவித்திலர்!

நாகோயா நகரில் ஏறக்குறைய 30,000 பெண்களை வினவி, 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அந்நோவுகட்கும் ஊசிக்கும் தொடர்பு கண்டிலது. ஆயினும் பரிந்துரை மீண்டது 2022 ஏப்ரலிலேயே. இடையில் வயது கடந்த மகளிர்க்கு அரசு மறுபடியும் இலவசமாக ஊசியிட நேர்ந்தது.