கொடுப்பதற்கென்றே பறந்தவை

2025 ஜூன் 14 இரவு திருவனந்தபுரத்தில் இறங்கிய பிரிட்டிஷ் எஃப்-35பி போர் விமானம் முப்பத்தெட்டு நாள் அங்கேயே நின்றது. ஹைட்ராலிக் கோளாறு, இங்கிலாந்திலிருந்து பறந்து வந்த பழுதுபார்க்கும் குழு, பருவமழையில் நனையும் அதிநவீன இயந்திரம், அதை வைத்துக் கேரளச் சுற்றுலாத் துறை போட்ட கேலி விளம்பரம் என்று நாடே ரசித்தது. அந்தச் சிரிப்பில் முதல் கேள்வி காணாமல் போனது. அது இங்கே ஏன் இறங்கியது?

எச்எம்எஸ் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து புறப்பட்டு அது அரபிக்கடல்மேல் பறந்துகொண்டிருந்தது. வானிலை கெட்டது, கப்பலுக்குத் திரும்ப முடியவில்லை, எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. அவசரத்துக்கு இறங்குவதற்கென்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்த இடம், சங்குமுகம் கடற்கரையை ஒட்டி நீளும் நம் ஓடுபாதை. 1980களில் அமெரிக்கக் கடற்படையில் பறந்தவர் யாராவது இந்தச் செய்தியைப் படித்திருந்தால், ‘டேங்கர் எங்கே போனது?’ என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

கப்பலில் இறங்கும் விமானத்துக்கு ஒரு விசித்திரமான கட்டுப்பாடு உண்டு. அது கிட்டத்தட்டக் காலி வயிற்றோடு வர வேண்டும். வாலிலுள்ள கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடிக்க, சுமார் நூறு மீட்டருக்குள் மொத்த வேகமும் நின்றுவிடுகிறது. எடை கூடினால் கம்பியும் தாங்காது, விமானத்தின் எலும்புக்கூடும் தாங்காது. எனவே அளவுக்கு மேல் மிஞ்சிய எரிபொருளை இறங்குமுன் காற்றில் கொட்டிவிடுவார்கள். கையில் இருப்பது சில முயற்சிகளுக்குத்தான். கொக்கி கம்பியைத் தவறவிட்டால் முழு விசையோடு மறுபடி எழும்பி ஒரு சுற்று வர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் சில நூறு கிலோ எரிபொருளை விழுங்கும். இரவு, மழை, ஆடும் தளம் என்று சேர்ந்தால் இரண்டு மூன்று தவறல்கள் அதிசயமே அல்ல.

கம்பியே வேண்டாத எஃப்-35பிக்கும் இந்தக் கணக்கிலிருந்து விடுதலை இல்லை. செங்குத்தாக இறங்கும்போது இறக்கை அதைத் தாங்குவதில்லை, எஞ்சினும் விசிறியும் கீழே தள்ளும் காற்றுதான் தாங்குகிறது. அந்த உந்துவிசை தாங்குவது சுமார் 18 டன். வெறும் விமானத்தின் எடையே 14 டன்னுக்கு மேல். மீதிக்குள்தான் ஆயுதமும் எரிபொருளும் விமானியும். வெப்பக் காற்றில் உந்துவிசை இன்னும் குறையும்.

ஆகவே கரைக்கு ஓடிப்போகத் தேவையான எரிபொருளுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், ‘பிங்கோ’ என்பார்கள். அந்த அளவைத் தொட்டதும் கப்பலை மறந்துவிட்டுத் தரையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். தரையே எட்டாத நடுக்கடல் என்றால்? அதற்காகத்தான் கப்பலுக்கு மேலே, நடுவானிலேயே எரிபொருள் ஊட்டும் ஒரு டேங்கர் விமானம் வட்டமிட்டுக்கொண்டிருக்கும்.

அமெரிக்கக் கப்பல்களில் நெடுங்காலம் இந்த வேலையைப் பார்த்தது கேஏ-6டி. ஏ-6 இன்ட்ரூடர் என்ற குண்டுவீச்சு விமானத்திலிருந்து குறிபார்க்கும் கருவிகளைக் கழற்றி, வயிற்றின் பின்பக்கத்தில் குழாய் சுற்றிய உருளையைப் பொருத்தி உருவாக்கியது. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். வலப்பக்கத்து ஆள் குண்டு குறிபார்க்கப் பயிற்சி பெற்றவர். இதிலோ அவருக்குக் குழாயை நீட்டி மடக்கும் சுவிட்சுகள்தான். புறப்பட்டவுடன் கொடுப்பதானால் ஒன்பதாயிரம் கிலோவுக்கு மேல் கொடுக்கும்.

டேங்கர் பணிக்கு யாரும் ஆசைப்பட்டுப் போனதில்லை. புகழ் குண்டு போடப் போனவர்களுக்கு. இவர்கள் ‘டெக்சாகோ’, அதாவது அமெரிக்காவின் பெட்ரோல் பங்க் கம்பெனி. மேலே போனதும் இன்னொரு டேங்கர் அருகில் வந்து குழாய் வேலை செய்கிறதா என்று சோதிக்கும். வேலை செய்தால் இனிப்பு, செய்யாவிட்டால் புளிப்பு. புளித்த டேங்கரால் யாருக்கும் பயனில்லை. பிறகு மணிக்கணக்கில் வட்டம். யாரும் கேட்காமல் மிஞ்சிய எரிபொருளை, கப்பலில் தானும் இறங்கியாக வேண்டும் என்பதால், கடைசியில் கடல்மேல் கொட்ட வேண்டியும் வரும்.

ஆனால் அந்த வட்டத்துக்குள் ஒரு வித்தை ஒளிந்திருந்தது. எரிபொருள் கரைந்துபோன ஒருவன் இறங்கி வரும்போது, டேங்கர் தன் வட்டத்தையும் உயரத்தையும் அவனுக்கேற்ப மாற்றிக்கொண்டே வரும். அவன் கம்பியைத் தவறவிட்டு மேலேறும் அந்தக் கணத்தில், அவன் மூக்குக்கு நேரே, குழாயை நீட்டியபடி டேங்கர் இருக்க வேண்டும். தேடிக்கொண்டு திரிய அவனிடம் எரிபொருள் கிடையாது. குண்டு போடுவதைவிட இதற்குக் குறைந்த திறமை போதும் என்று நான் நம்பவில்லை.

குழாயின் நுனியில் இறகுப்பந்தின் பாவாடையைப் போல விரிந்த கூடை. பின்னால் வரும் விமானி தன் நுழைகுழாயை அதற்குள் நடை வேகத்தில் செருக வேண்டும். செருகிய பிறகும் சற்று முன்னே தள்ள, உருளை தொய்வை இழுத்துக்கொண்டு வால்வு திறக்கிறது. மெல்லப் போனால் பிடிக்காது. வேகமாகப் போனாலோ உருளையால் தொய்வைச் சமாளிக்க முடியாமல் குழாயில் அலை எழும்பி நுழைகுழாயின் நுனியையே முறித்துவிடும். இதையே இரவில், மேகத்துக்குள் செய்ய வேண்டும்.

டேங்கருக்கே எரிபொருள் தீர்ந்தால் என்ன ஆகும்? 1967 மே 31 அன்று டோங்கின் வளைகுடாவுக்கு மேல் அதுவும் நடந்தது. கடற்படையின் கேஏ-3 டேங்கர்கள் இரண்டு, நிமிடக்கணக்கில் மட்டுமே எரிபொருள் மிஞ்சியிருக்க, மேஜர் ஜான் காஸ்டீல் ஓட்டிய விமானப்படை டேங்கரான கேசி-135இடம் வந்து சேர்ந்தன. ஒன்று மேலிருந்து வாங்கிக்கொண்டிருக்கும்போதே, அதுவரைகூடப் பொறுக்க முடியாத எஃப்-8 போர் விமானம் ஒன்று அதன் வாலிலுள்ள கூடையில் செருகிக்கொண்டது. மூன்று விமானங்கள், மேலிருந்து கீழாக, ஒரே எரிபொருள் ஓட்டத்தில். வாரி வழங்கிய கேசி-135க்குத் தன் தளம்வரை போக எரிபொருள் போதவில்லை. வேறொரு தளத்தில் இறங்கியது. காஸ்டீல் குழுவுக்கு மெக்கே கோப்பை என்ற விருது கிடைத்தது.

இந்தக் கலைக்கு நம் பக்கத்தோடும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1934 செப்டம்பரில் பிரிட்டிஷ் விமானி ஆலன் காபம், நடுவானில் எரிபொருள் வாங்கிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு நிற்காமல் பறக்கக் கிளம்பினார். விசைக்கட்டுப்பாட்டில் ஏதோ ஒரு சிறு பாகம் கழன்று மால்ட்டாவிலேயே தரையிறங்க நேர்ந்தது. காலையில் அவருக்கு எரிபொருள் ஊட்டிய விமானம் அன்றே விழுந்து நொறுங்கி, அதில் இருந்தவர்கள் இறந்தார்கள். காபம் விடவில்லை. கூடையும் நுழைகுழாயும் கொண்ட முறையை 1949இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது அவருடைய நிறுவனம்தான். அந்த ஆகஸ்டில் மீட்டியர் ஜெட் ஒன்று இப்படி வாங்கி வாங்கியே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தது.

அந்த முறையைக் கண்டுபிடித்த நாட்டின் கப்பலில்தான் இன்று டேங்கர் விமானம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. எஞ்சின் வலுவில்லாத பக்கனீர் குண்டுவீச்சு விமானங்கள் அரைகுறை எரிபொருளோடு கப்பலிலிருந்து எழும்ப, சிமிட்டர் விமானங்கள் மேலே வந்து நிரப்பிவிட்டன. இன்றைய பிரிட்டிஷ் கப்பல்களில் விமானத்தை உந்தி எறியும் கவண் கிடையாது, நுனி வளைந்த தளம்தான். கனமான டேங்கர் அதிலிருந்து எழும்ப வழியில்லை. கொச்சியில் கட்டி 2022இல் படையில் சேர்ந்த நம் ஐஎன்எஸ் விக்ராந்துக்கும் அதே அமைப்பு. அதனால் அங்கே ஒரு மிக்-29கே இன்னொரு மிக்-29கேக்குக் கொடுக்கும் ‘தோழன்’ முறைதான். கொடுப்பவன் கொடுத்த அளவுக்குச் சண்டைக்கு ஓர் ஆள் குறைவு.

கேஏ-6டிகள் 1990களில் ஓய்வுபெற்றன. உழைத்து உழைத்து இறக்கைகள் சோர்ந்திருந்தன. அரக்கோணத்திலிருந்து 2017இல் விடைபெற்ற நம் கடற்படை ரோந்து விமானம் டியூ-142 விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது; ஏ-6 குடும்பத்தின் நாற்பதுக்கும் மேற்பட்ட உடல்களுக்கோ 1995இல் புளோரிடாவுக்கு அப்பால் கடலடியில் மீன்கள் குடியிருக்கும் திட்டாகும் வாழ்வு வாய்த்தது. கேஏ-6டிகளின் வேலையை எஸ்-3 வைக்கிங் ஏற்று, அதுவும் 2009இல் போனது. பிறகு சூப்பர் ஹார்னெட் போர் விமானங்களையே டேங்கராகப் பறக்கவிட்டார்கள். சண்டைக்கென்று வடித்த உடல்களின் ஆயுள் எரிபொருள் சுமப்பதில் கரைந்தது.

இப்போது அந்த இடத்துக்கு வரவிருப்பது ஆளில்லாத எம்க்யூ-25. அதன் சோதனை விமானம் 2021 ஜூன் 4 அன்று ஒரு சூப்பர் ஹார்னெட்டுக்கு முதன்முறையாக எரிபொருள் கொடுத்தது. நேர்கோட்டில் பறந்தபடி குழாயை நீட்டுவதை இயந்திரம் செய்துவிடும், அதில் சந்தேகமில்லை. மழை இருட்டில் கம்பியைத் தவறவிடப் போகிறவனை முன்பே கணித்து அவன் மூக்குக்கு நேரே போய் நிற்பதுதான் இனி அதற்குப் பழக்க வேண்டிய பாடம்.