சிக்கன விலையில் வெல்டிங் கருவி: தெரிந்தெடுத்தலும் பழகுதலும்

ஆடிப்பட்டத்திற்கு நிலத்தைத் திருத்தும் வேளையில் மாட்டுக்கொட்டகைக் கதவின் கீல் முறிகிறது. கைவண்டியின் சட்டம் விரிசல் காண்கிறது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரக் கிராமங்களில் வாழும் குடியானவர் இச்சிறு பழுதுக்காக நகரத்துப் பட்டறையை நாடினால், ஒருநாள் வேலை கெடுகிறது. வீட்டில் ஒரு வெல்டிங் கருவி இருப்பின் இத்தகைய வேலைகளைத் தாமே முடித்துக்கொள்ளலாம். ஆயினும் விலையை மட்டும் நோக்கி வாங்குவோரும், பழகாமல் வேலையில் இறங்குவோரும் பொருளை இழப்பதோடு கண்ணுக்கும் உயிருக்கும் ஊறு தேடிக்கொள்வர்.

தெரிந்தெடுத்தல்

பழைய டிரான்ஸ்பார்மர் கருவிகளைத் தூக்குவதற்கே இருவர் வேண்டும். இன்றைய இன்வெர்ட்டர் கருவிகளோ ஒரு கையால் எடுத்துச் செல்லத்தக்கவை. மின்சாரமும் குறைவாகவே கொள்கின்றன. வீட்டுவேலைக்கு 120 ஆம்பியர் அளவு தாராளமாகப் போதும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ள எண்ணை நம்பாமல், பின்புறத் தகட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். அதில் ‘டியூட்டி சைக்கிள்’ என்றொரு விழுக்காடு இருக்கும். 120 ஆம்பியரில் 60 விழுக்காடு என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் பற்றவைத்து, நான்கு நிமிடம் கருவியை ஆறவிட வேண்டும் என்பது பொருள். அந்த அளவு எத்தனை டிகிரி வெப்பத்தில் கணக்கிடப்பட்டது என்பதையும் கடைக்காரரிடம் கேட்டறிக. 40 டிகிரியில் கணக்கிட்ட கருவியே நமது கோடைக்கு ஏற்றது. மின்கம்பி வரிசையின் கடைக்கோடியில் உள்ள வீடுகளில் மின்னழுத்தம் தாழ்வது உண்டு. தாழ்ந்த அழுத்தத்திலும் இயங்குமா என்பதைக் கேட்டறிவதும் தேவை.

மின்னிணைப்பு

100 ஆம்பியரில் பற்றவைக்கும்போது கருவி ஏறத்தாழ 3 கிலோவாட் மின்சாரத்தை இழுக்கிறது. ஆகவே விளக்கும் விசிறியும் இணைக்கும் 5 ஆம்பியர் முனையில் இதைச் செருகலாகாது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனிக் கம்பி, தனிப் பாதுகாப்பு விசை, நல்ல எர்த் ஆகியவற்றை அமைத்துக்கொள்ள வேண்டும். பாசனத்திற்கென அளிக்கப்படும் இலவச மின்னிணைப்பைப் பிற வேலைக்குப் பயன்படுத்துதல் முறையன்று.

பழகும் முறை

தொடக்கத்தில் 6013 வகை ராடு எளிது. ஐ.எஸ். 814 தரக்குறிப்புடைய ராடுகளை வாங்கி, ஈரம் படாமல் வைத்துக்கொள்க. 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரை போதும்.

பழைய இரும்புக்கடையில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டுத் துண்டுகளை வாங்கி, துருவையும் வண்ணத்தையும் தேய்த்து நீக்குக. தீக்குச்சி உரசுவதுபோல் ராடை உரசினால் சுடர் பிடிக்கும். அதன் பின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே ராடின் கனத்தளவே இடைவெளி விட்டு, ராடைச் சற்றே சாய்த்துச் சீராக இழுத்துச் செல்க. சுடரைப் பார்ப்பதை விட, அதன் பின்னே உருகி நிற்கும் குழம்பைப் பார்த்துப் பழகுவதே சிறந்தது. கசடைத் தட்டி நீக்கினால் வரியின் தன்மை விளங்கும்.

சீரான வரி வந்த பின், இரு துண்டுகளை ‘டி’ வடிவில் ஒருபக்கம் மட்டும் பற்றவைத்து, சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்க வேண்டும். மேலே அழகாகத் தோன்றும் ஒட்டு அடியில் பற்றாதிருப்பதை இச்சோதனை காட்டிவிடும். நாள்தோறும் ஒரு மணி நேரமாக ஒரு மாதம் பழகிய பின்னரே வீட்டுப் பொருளில் கை வைக்கலாம்.

காப்பு

சுடரின் புற ஊதாக்கதிர் கண்ணைப் புண்ணாக்கும். மணலை வாரி இறைத்தாற்போன்ற எரிச்சல் பல மணி நேரங்கழித்தே தோன்றும். பத்தாம் எண் அல்லது அதனினும் கருமையான கண்ணாடியுள்ள முகமூடி, தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி ஆகியவை கருவியோடு சேர்த்தே வாங்கத்தக்கவை. குழந்தைகளை அருகில் விடலாகாது. ஈரத்தரையில் நின்று வேலை செய்தலும், வைக்கோற்போர் அருகே பற்றவைத்தலும் ஆபத்து. துத்தநாகம் பூசிய குழாயின் புகை குளிர்காய்ச்சலைத் தரும். எண்ணெய் இருந்த பீப்பாய் காலியாகத் தோன்றினும் வெடிக்கக்கூடும்.

கலப்பைக் கொழு, வார்ப்பிரும்புப் பாகம், டிராக்டர் இழுவைக் கொக்கி, ஏணி ஆகியவற்றைத் தேர்ந்த தொழிலாளரிடமே ஒப்படைக்க வேண்டும். அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பயிற்சி ஓராண்டுக் காலம் நடைபெறுகிறது; ஒரு மாதப் பழக்கம் அதற்கு ஈடாகாது. இத்தொழிலைப் பிழைப்பாகக் கொள்ள விரும்பும் இளைஞர்கள் அங்குச் சேர்ந்து முறையாகக் கற்பார்களாக. ஏனையோர் தம் எல்லையறிந்து, கீலும் கதவும் செப்பனிட்டு, காலமும் செலவும் மிச்சம் காண்பார்களாக.