பட்டு நூலில் நிறம் பழகும் குழந்தைகள்

பெயருக்கு முன்னே பார்வை

குழந்தை நிறத்தின் பெயரைச் சொல்வதற்கு வெகு முன்பே நிறங்களைப் பிரித்தறியத் தொடங்கிவிடுகிறது. பிறந்த சிசுவுக்குக் கறுப்பு வெள்ளை போன்ற அழுத்தமான வேறுபாடுகளே தெளிவாகப் புலப்படும். விழித்திரையின் கூம்பு செல்கள் முதிர முதிர, நான்கைந்து மாதத்தில் நிறப்பார்வை நன்றாகவே அமைந்துவிடும். பெயர்கள் அப்படி வருவதில்லை. இரண்டு வயதுக்குப் பிறகு ஒன்றிரண்டாகத் தொடங்கி, மூன்று நான்கு வயதில்தான் அவை உறுதிப்படும்.

இந்த இடைவெளியில்தான் பல வீடுகளில் பிழை நடக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தையிடம் “இது என்ன கலர்?” என்று நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வயதில் குழந்தையால் செய்ய முடிவது வேறு: ஒரே நிறமுள்ள இரண்டைத் தேடி எடுத்து அருகருகே வைப்பது. மாண்டிசோரி முறை இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. முதலில் ஜோடி சேர்ப்பது, பிறகு பெயர், அதற்கும் பிறகு ஒரே நிறத்தின் அடர்வையும் வெளிர்வையும் வரிசைப்படுத்துவது.

பட்டு சுற்றிய பலகைகள்

மரியா மாண்டிசோரி அடிப்படையில் மருத்துவர். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே உருவான கருவிகளில் ஒன்று நிறப்பலகை. இன்று கடைகளில் கிடைப்பது வண்ணம் பூசிய பலகை. தொடக்கத்தில் அது பட்டு நூல் சுற்றிய சிறு பலகையாக இருந்தது. பட்டு அழுக்காகாமலும் மேசையில் உரசாமலும் இருக்க இரு முனையிலும் மரவிளிம்பு வைத்திருந்தார்கள். குழந்தை அந்த விளிம்பைப் பிடித்துத்தான் பலகையை எடுக்க வேண்டும். எட்டு நிறம், நிறத்துக்கு எட்டு சாயல், மொத்தம் 64.

இன்றைய பலகைகள் மூன்று பெட்டிகளாக வருகின்றன. முதல் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று ஜோடி. இரண்டாவதில் 11 ஜோடி. மூன்றாவதில் 9 நிறம், ஒவ்வொன்றிலும் 7 சாயல். எல்லாப் பலகைகளும் அளவிலும் எடையிலும் வடிவிலும் ஒன்றேபோல் இருக்கும். மாறுவது நிறம் மட்டுமே. இந்தக் கருவியின் உயிர்நாடி இதுதான். சிவப்புப் பந்தையும் மஞ்சள் காரையும் காட்டிச் சொல்லிக்கொடுத்தால், சிவப்பு என்பது நிறமா உருண்டையா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்?

இந்த முறை தமிழ்நாட்டுக்கு அந்நியமானதல்ல. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்.

கொள்ளேகால் வீட்டில் செய்யக்கூடியது

கொள்ளேகால் பட்டுக்குப் பேர்போன ஊர். 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூருடன் சேர்ந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்த ஊரில், ஐரோப்பாவில் மாண்டிசோரி தேடி வைத்த பொருள் மிச்ச நூலாகவே கிடைக்கும்.

ஏழு சென்டிமீட்டர் நீளம், ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் கெட்டி அட்டை ஆறு வெட்டிக்கொள்ள வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய நூல்களை நிறத்துக்கு இரண்டு அட்டையாக நெருக்கமாகச் சுற்றி, நுனியைப் பின்புறம் பசையிட்டு ஒட்ட வேண்டும். இரு ஓரத்திலும் மெல்லிய மரச்சட்டம் ஒட்டினால் பிடிப்பதற்கு வசதி. சுற்றுவதற்கு முன் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்பது அவசியம். சாயம் இறங்கும் நூல் குழந்தையின் வாய்க்குப் போகக்கூடாது. பிரிந்து தொங்கும் நூலும் ஆபத்து. சிறு விரலில் இறுகிச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் அட்டையைப் பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும்.

விளையாட்டு எளியது. ஒரே நிறப் பாயில் பெரியவர் ஒரு சிவப்பு அட்டையை வைத்து, மற்றொரு சிவப்பைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் நிதானமாக வைப்பார். பேச்சு தேவையில்லை. குழந்தை மாற்றி வைத்தால் “தப்பு” என்று சொல்லவும் வேண்டாம். எடுத்து வைத்துவிட்டு இன்னொரு நாள் காட்டலாம். ஐந்து நிமிடத்தில் எழுந்து போனாலும் அது முழுமையான பாடமே.

ஜோடி சேர்ப்பது கைவந்த பின் பெயர். எதுவார் செகென் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து மாண்டிசோரி எடுத்துக்கொண்ட மூன்று படிகள் இதற்கு உண்டு. “இது சிவப்பு, இது நீலம்” என்று சொல்வது முதற்படி. “சிவப்பைக் கொடு” என்று கேட்பது இரண்டாவது. “இது என்ன?” என்பது கடைசி. இரண்டாவது படியில் பல வாரம் இருந்தாலும் குறையில்லை. மூன்று வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஒரே நீலத்தில் ஐந்து சாயல் நூலைச் சுற்றிக் கொடுத்து, அடர்ந்ததிலிருந்து வெளிர்ந்தது வரை அடுக்கச் சொல்லலாம்.

சமையலறையிலும் வாசலிலும்

துவைத்த துணியை நிறவாரியாகப் பிரிப்பது, கூடையில் தக்காளியையும் கத்தரிக்காயையும் தனித்தனியே போடுவது, பீட்ரூட் ஊறிய தண்ணீரைச் சின்னக் குவளையிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றுவது ஆகிய எல்லாம் கண்ணோடு கையையும் பழக்கும். தண்ணீர் விளையாட்டில் பெரியவர் ஒரு நொடியும் அகலக்கூடாது. சிறு குழந்தை மூழ்குவதற்கு வாளியில் சில அங்குலத் தண்ணீரே போதும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கும் காட்சி எந்தக் குழந்தையையும் கட்டிப்போடும். ஆனால் கரைப்பது பெரியவராகவே இருக்கட்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும்.

பூச்சும் அளவும்

சிறு வயதில் கையில் கிடைத்தது எல்லாம் வாய்க்குப் போகும். ஆகவே பொருளின் நிறத்தைவிட அந்த நிறம் எதனால் ஆனது என்பது முக்கியம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வளரும் மூளைக்குத் தீங்கில்லாத ஈய அளவு என்று எதுவும் இல்லை. வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 முதல் கட்டாயம். பெங்களூரு - மைசூரு சாலையில் உள்ள சன்னபட்டணத்தின் மரச்சாமான்கள் நல்ல தேர்வு. வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கைத் தேய்த்து நிறமேற்றுவது அங்கே மரபு. தாவரச் சாயமும் அரக்கும் கொண்டு செய்தவையா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அளவும் கவனிக்க வேண்டியது. மூன்று வயதுக்குள் இருப்பவர்களின் பொருள் சுமார் 3.2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சிறு உருளைக்குள் முழுதாக இறங்கிவிட்டால் மூச்சை அடைக்கக்கூடியது என்று கொள்வது வழக்கம். கொள்ளேகாலில் எளிதாகக் கிடைக்கும் பட்டுக்கூடு அதில் இறங்கிவிடும். மைசூர் இனத்தின் பசுமஞ்சள் கூட்டையும் வெள்ளைக் கூட்டையும் பிரித்து வைப்பது அழகான வேலைதான். ஆனாலும் அது மூன்று வயதுக்கு மேல். அதற்குச் சிறியவர்களுக்கு, இறுக மூடிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் புட்டியில் போட்டுக் காட்டினால் போதும்.

திரை வேண்டாம்

நிறம் கற்பிப்பதாகச் சொல்லும் காணொளிகள் ஏராளம். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அறிவுரை. திரையில் தெரியும் சிவப்பைக் கையில் எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

நிறக்குறை தெரியவரும் இடம்

சிவப்பு - பச்சைக் குறைபாடு பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வருகிறது. தாய் வழியாக இறங்குவதால், தாய்வழித் தாத்தாவுக்கு இருந்தால் பேரனுக்கும் வர வாய்ப்புண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் கொண்ட முதல் பெட்டியில் இது பெரும்பாலும் தெரியாது. பச்சை, பழுப்பு, ஆரஞ்சு, சாம்பல், இளஞ்சிவப்பு சேரும்போதுதான் குழந்தை தடுமாறும். பெயர் மறந்ததால் வரும் தடுமாற்றம் அல்ல இது. பெயர் கேட்காமல் ஜோடி சேர்க்கும்போதும் பழுப்பும் பச்சையும் மாறி மாறி விழும். நான்கு வயதிலும் இது தொடர்ந்தால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எண் வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் படங்களைக் கொண்டு சோதிக்க முடியும். பிறவிக் குறைக்கு மருந்து இல்லை. ஆனால் பள்ளியில் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் சொல்லிவிட்டால், இலைக்குப் பழுப்பு தீட்டியதற்காக அந்தக் குழந்தை திட்டு வாங்க வேண்டியிராது.