ஐசிஸ் ஆலய வாயிலில் கண்ட எழுத்துகள்

எகிப்து நாட்டின் தெற்கே, அஸ்வான் நகருக்கு அருகில், நைல் நதியின் நடுவே அமைந்திருப்பது ஃபிலே என்னும் ஐசிஸ் தேவியின் ஆலயம். 1902ல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் ஆண்டில் பல மாதங்கள் நீரில் மூழ்கிக் கிடந்த அந்த ஆலயத்தை, யுனெஸ்கோவின் முயற்சியால் 1972 முதல் 1980 வரை ஏறத்தாழ 40,000 கற்களாகப் பிரித்தெடுத்து, பக்கத்திலுள்ள அகில்கியா தீவில் மீண்டும் எழுப்பினார்கள். அங்குச் சென்றிருந்த இரண்டு நாட்களில் பெரும்பொழுதை நான் வாயில்களிலேயே கழித்தேன். அங்கே படிக்க அவ்வளவு இருக்கிறது.

முதல் வாயிலைக் கண்டதும் நம்மவர்க்குக் கோபுரம் நினைவுக்கு வரும். ஆனால் அமைப்பு வேறு. நம் கோபுரம் வாசலுக்கு மேலேயே எழுகிறது. எகிப்தியரோ வாசலைத் தாழ்வாக விட்டு, இருபுறமும் இரு பெருங்கோபுரங்களை நிறுத்தினர். அடியில் அகன்று, மேலே போகப் போகச் சரிந்து குறுகும் கட்டடங்கள் அவை. இரு மலைகளுக்கு இடையே சூரியன் உதிக்கும் தோற்றத்தையே இவ்வமைப்பு குறிக்கிறது என்பர். ஃபிலேயில் உயரம் 18 மீட்டர், மொத்த அகலம் சுமார் 45 மீட்டர். நடுவிலுள்ள வாசல் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் முதலாம் நெக்டனெபோ மன்னன் கட்டியது. பின்னர் ஆண்ட கிரேக்க வம்சத்துத் தாலமி மன்னர்கள் அதை இடிக்காமல், அதை அணைத்தே கோபுரங்களை எழுப்பினார்கள்.

அந்த வாயிலின் முன் ஒரு காலத்தில் ஒற்றைக்கல் கூர்தூண்கள் இரண்டு நின்றன. அவற்றுள் ஒன்றின் பீடத்தில் கிரேக்க மொழியில் ஒரு விண்ணப்பம் பொறிக்கப்பட்டிருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அர்ச்சகர்கள் எட்டாம் தாலமிக்கு எழுதியது. ஆலயத்துக்கு வரும் தளபதிகளும் அதிகாரிகளும் படையினரும் தங்கள் செலவையெல்லாம் ஆலயத்தின் தலையில் கட்டுகிறார்கள், இப்படியே போனால் தேவிக்குரிய பூசைக்கும் பொருள் இராது என்பது அவர்கள் முறையீடு. ஆலய நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் குறை புதிதாகத் தோன்றாது! மன்னர் இசைந்தார். அந்த இசைவை வருவோர் கண்ணில் படும்படி வாசலிலேயே கல்லில் வெட்டி வைத்ததுதான் அர்ச்சகர்களின் சாமர்த்தியம்.

தீவின் மேற்குப்பக்கம் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பெயரால் வழங்கும் சிறிய வாயில் ஒன்று உண்டு. அளவில் அது பெரியதன்று. ஆயினும் நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். மண்டுலிஸ் என்ற தெய்வத்தின் உருவத்தருகே, ஐசிஸ் கோவில் அர்ச்சகரான நெஸ்மெட்டெரகெம், தம் தந்தை நெஸ்மெட்டெரின் பெயரோடு சில வரிகளைப் பொறித்திருக்கிறார். நாள் கி.பி. 394 ஆகஸ்ட் 24. எகிப்தியப் படவெழுத்தில் தேதியுடன் நமக்குக் கிடைத்துள்ள கடைசிக் கல்வெட்டு இதுவே. 3,000 ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய எழுத்து அது. பழைய வழிபாட்டை ரோமப் பேரரசு தடை செய்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்லையோரத்தில் இருந்ததால் ஃபிலே மட்டும் தப்பியிருந்தது. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் அதுவும் மூடப்பட்டது. உள்ளே தேவாலயம் அமைந்தது. சுவர்களில் எழுத்து அப்படியே இருந்தது. படிக்க ஆள் இல்லை. பார்த்தவர்கள் அதை ஏதோ மந்திரச் சித்திரம் என்றே எண்ணினர்.

அதைப் படிக்க வழி கிடைத்ததிலும் இதே ஆலயத்துக்குப் பங்கு உண்டு. முன்சொன்ன கூர்தூணை வில்லியம் பேங்க்ஸ் என்ற ஆங்கிலேயருக்காகப் பெல்சோனி அங்கிருந்து அகற்றினார். தூணில் படவெழுத்தும், பீடத்தில் கிரேக்கமும் இருந்தன. அதன் பிரதி 1822ல் பிரான்சு நாட்டு அறிஞர் சம்போலியன் கைக்கு வந்தது. அரசர் பெயரை ஒரு நீள்வளையத்துக்குள் எழுதுவது எகிப்தியர் வழக்கம். ரொசெட்டா கல்லில் தாலமியின் பெயரை அவர் முன்பே கண்டிருந்தார். தூணில் கிளியோபாட்ராவின் பெயர் இருந்தது. புகழ்பெற்ற அந்த அரசி அல்லள், அவளுக்கு முந்தியவள். 'ப்தொலெமாயொஸ்', 'கிளெயொபாத்ரா' இரண்டையும் அவர் ஒப்பிட்டார். ப, ஒ, ல ஒலிகளுக்குரிய குறிகள் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. 'த' மட்டும் வேறு குறியில் வந்தது. ஓர் ஒலிக்கு இரண்டு குறிகள் இருக்கலாம் என்று அவர் துணிந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் தம் முடிவை வெளியிட்டார்.

அந்தக் கூர்தூண் இன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், முன்பு பேங்க்ஸ் குடும்பத்தாருக்கு உரியதாயிருந்த மாளிகையின் தோட்டத்தில் நிற்கிறது. அர்ச்சகர்களின் விண்ணப்பமும் அங்கேதான் இருக்கிறது. நெஸ்மெட்டெரகெமின் வரிகள் ஹேட்ரியன் வாயிலிலேயே இருக்கின்றன. அவரையும் அவர் தந்தையையும் பெயர் சொல்லி நாம் அறிவது அந்த வரிகளால்தான்.