கேப்சர் கார்டு: பெட்டியில் எழுதியிருப்பதும் கோப்பில் பதிவாவதும்

"எந்த கேப்சர் கார்டு வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். கேம் எதில் ஓடுகிறது? நேரலையாக ஒளிபரப்பவா, பதிவு செய்து வைக்கவா? உங்கள் இணையத்தின் அப்லோட் வேகம் என்ன? இதற்குப் பதில் சொல்லி முடிக்கும்போதே பலருக்கு கார்டே வேண்டாம் என்று தெரிந்துவிடும்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் இருக்கும் ஒரு தம்பி சமீபத்தில் இதைக் கேட்டான். அவனிடம் இருப்பது ஒரு பிஎஸ்4, ஒரு லேப்டாப், மொபைல் ஹாட்ஸ்பாட். பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தை இதில் போடப் போகிறான். தப்பான சாமானை வாங்கினால் இன்னொன்று வாங்க இப்போதைக்கு வழியில்லை. அவனுக்காகப் போட்ட கணக்குகள் இவை.

முதலில், கார்டு தேவையா?

கேம் கணினியிலேயே ஓடுகிறது என்றால் தேவையில்லை. ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம். வீடியோவைச் சுருக்கும் வேலையை என்விடியாவின் என்வென்க், இன்டெலின் க்விக் சிங்க், ஏஎம்டியின் அதே வகை வசதி என்று கிராஃபிக்ஸ் சிப்பே பார்த்துக்கொள்ளும். மொபைல் கேம் என்றால் ஃபோனிலேயே ஸ்கிரீன் ரெக்கார்டர் இருக்கிறது.

கன்சோலிலும் பதிவு வசதி உண்டு. ஆனால் சாதாரண பிஎஸ்4 தானே பதிவு செய்வது 720பி, அதுவும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 60 நிமிடம். அதே பெட்டி டிவிக்கு அனுப்புவது 1080பி, விநாடிக்கு 60 ஃபிரேம் வரை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் கேப்சர் கார்டு. டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ சிக்னலை நடுவில் பிடித்து லேப்டாப்புக்கும் ஒரு பிரதி கொடுக்கும். தம்பியின் தேவை நியாயமானதுதான்.

'4கே' என்று எழுதியிருக்கே?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி குச்சிகளின் பெட்டியில்கூட '4கே' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பொய் இல்லை, ஆனால் பாதி உண்மை. அது உள்ளே வாங்கிக்கொள்ளும் சிக்னலின் அளவு. வெளியே கணினிக்குத் தருவது வேறு.

கணக்கு போட்டுப் பாருங்கள். 1920 × 1080 என்றால் ஒரு ஃபிரேமில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 பைட், விநாடிக்கு 60 ஃபிரேம் என்று பெருக்கினால் விநாடிக்கு சுமார் 249 மெகாபைட். யூஎஸ்பி 2.0-வின் வேகம் ஏட்டளவிலேயே 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் இன்னும் குறையும். 249-ஐ 60-க்குள் எப்படித் திணிப்பது? ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக் படம் மாதிரி நசுக்கித்தான். இதற்குப் பெயர் எம்ஜேபெக். நசுங்கி வந்ததை ஓபிஎஸ் மறுபடி ஒரு தடவை சுருக்கும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதை. இருட்டான காட்சிகளிலும் சின்ன எழுத்துகளிலும் இது நன்றாகத் தெரியும்.

யூஎஸ்பி 3.0-வில் 5 கிகாபிட். அதன் குறியீட்டு முறைக்கே ஐந்தில் ஒரு பங்கு போய்விடுவதால் மிச்சம் விநாடிக்கு அதிகபட்சம் 500 மெகாபைட். 1080பி 60 நசுங்காமல் தாராளமாகப் போகும். ஆனால் 4கே 60? புள்ளிக்கு ஒன்றரை பைட் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 746 மெகாபைட். அதற்கு 10 கிகாபிட் யூஎஸ்பியோ, டெஸ்க்டாப்பில் செருகும் பிசிஐஇ கார்டோ வேண்டும். யூஎஸ்பி 3.0 கார்டு ஒன்று '4கே 60 பதிவு' என்று சொன்னால், நடுவில் எங்கோ சுருக்குகிறார்கள் என்று அர்த்தம்.

பாஸ்த்ரூ இல்லாமல் வாங்காதீர்கள்

கார்டில் எச்டிஎம்ஐ உள்வாயில் மட்டும் இருந்தால், லேப்டாப் திரையில் வரும் முன்னோட்டத்தைப் பார்த்துத்தான் விளையாட வேண்டும். 60 ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவிநாடி. முன்னோட்டம் அதற்குப் பல ஃபிரேம்கள் தள்ளியே வரும். பட்டன் அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே இழுவை தெரியும். பாஸ்த்ரூ வாயில் உள்ள கார்டு சிக்னலை அப்படியே டிவிக்கு அனுப்பிவிடும். விளையாடுவது டிவியில், பதிவாவது லேப்டாப்பில்.

கறுப்புத் திரை வந்தால் கார்டு பழுது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெரும்பாலும் எச்டிசிபி என்ற நகல் தடுப்புதான் காரணம். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் செட்டிங்ஸில் அதை அணைக்கலாம். அணைத்திருக்கும்போது சில சினிமா ஆப்கள் ஓடாது, அவ்வளவுதான். பிஎஸ்3-இல் எச்டிஎம்ஐ வழியே இதை அணைக்க வழியில்லை.

ஒளிபரப்பா, பதிவா?

மலையில் சிக்னல் வளைவுக்கு வளைவு மாறும். 1080பி 60 நேரலைக்கு 6 மெகாபிட் அளவு அப்லோட் நிலையாக வேண்டும். டவுன்லோட் வேகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கிடைக்கும் அப்லோடில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் நம்பலாம் என்பது என் கணக்கு. 4 மெகாபிட் கிடைத்தால் இரண்டரைக்கு 720பி 30 வைத்து ஒளிபரப்பலாம். அதற்கு விலை உயர்ந்த கார்டு எதையும் கூட்டித் தராது.

ஆனால் பதிவுக்கு இந்தத் தடை இல்லை. 40 மெகாபிட்டில் பதிந்தால் மணிக்கு 18 ஜிபி. நல்ல பதிவு கையில் இருந்தால் பிறகு எத்தனை தரத்திலும் குறைத்து வெளியிடலாம். மோசமான பதிவிலிருந்து நல்லதை எடுக்கவே முடியாது.

இதற்கு இதே மலையில் ஓர் உதாரணம் இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தில் 102 செ.மீ. தொலைநோக்கி உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் அருகே கடந்தபோது ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த ஒளியைப் பதிவு செய்தார்கள். கோளின் வட்டத்துக்கு வெளியிலேயே நட்சத்திர ஒளி சில விநாடி மங்கியது. முதலில் அதைப் புதிய துணைக்கோள் என்றுதான் எழுதினார்கள். அதே நிகழ்வை விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழு வளையங்கள் என்று கண்டது. பிறகு பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் காவலூர்ப் பதிவை மறுபடி ஆராய்ந்து, சனிக்கு இருப்பது போன்ற வளைய அமைப்பு என்று எழுதினார்கள். நட்சத்திரம் திரும்ப வந்து மங்கப் போவதில்லை. திரும்பிப் பார்க்க முடிந்தது பதிவு இருந்ததால்தான். கேம் அவ்வளவு பெரிய விஷயமில்லை, ஆனாலும் நீங்கள் ஜெயித்த அந்த ஒரு ஆட்டமும் திரும்ப வராது.

கரண்ட் போகும் இடத்தில் இன்னொன்று முக்கியம். ஓபிஎஸ்ஸில் சாதாரண எம்பி4 ஆகப் பதிந்தால், நடுவில் அணைந்துபோன கோப்பு பெரும்பாலும் திறக்காது. எம்கேவி ஆகப் பதிந்தால் அதுவரை பதிந்தது பிழைக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

தம்பிக்குச் சொன்னது

யூஎஸ்பி 3.0, 1080பி 60 நசுங்காத பதிவு, பாஸ்த்ரூ. இது போதும். 4கே பதிவுக்குப் பணம் வேண்டாம், பிஎஸ்4 அதைத் தரப்போவதில்லை. மிச்சப் பணத்தில் எஸ்எஸ்டி. நேரலை சின்னதாக, பதிவு பெரிதாக. போளூர் இறங்கும்போது நல்ல இணையத்தில் வீடியோவை ஏற்றிக்கொள்ளலாம்.

வாங்கிய அன்றே மூன்று சோதனை. ஒன்று, ஓபிஎஸ்ஸில் கார்டின் வீடியோ ஃபார்மேட் பட்டியலில் 1080பி 60-க்கு ஒய்யூஒய்2 அல்லது என்வி12 வருகிறதா, எம்ஜேபெக் மட்டும்தானா? லேப்டாப்பின் யூஎஸ்பி 3.0 துளையில் செருகிப் பாருங்கள், பழைய துளையில் நல்ல கார்டும் தோற்கும். இரண்டு, கன்சோல் மெனுவை வேகமாக நகர்த்திப் பதிந்து, விஎல்சியில் ஒவ்வொரு ஃபிரேமாகப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்கள் ஒரே மாதிரி வந்துகொண்டே இருந்தால் அது 30-தான், 60 இல்லை. மூன்று, ஹெட்ஃபோனில் இடது வலது ஒலி தனித்தனியாக வருகிறதா? மலிவான சில சிப்கள் இரண்டையும் குழப்பி மோனோவாகத் தரும்.

இதில் ஒன்று தேறாவிட்டாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.